பழைய கட்டடத்துக்குள் எலக்ட்ரான் நுண்ணோக்கி

சென்னைக் கடற்கரையை ஒட்டி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த செங்கல் கட்டடம் ஒன்றில் எங்கள் துறை இயங்குகிறது. அதைப் புதுப்பித்து நவீன ஆய்வகமாக்கும் பணியில், ஆய்வாளர்கள் தரப்பில் நான் பொறுப்பேற்றிருந்தேன். உயர் நீதிமன்றத்தின் 2010ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பின், பாரம்பரியக் கட்டடங்களாகப் பட்டியலிடப்பட்ட இத்தகைய கட்டடங்களில் கை வைக்க, பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் பாரம்பரியப் பாதுகாப்புக் குழு ஒப்புதல் தர வேண்டும். அந்தக் கோப்பு நகர்ந்த கதையை இங்கே விரிப்பதில் பயனில்லை.

முதல் வரைபடத்தில் எலக்ட்ரான் நுண்ணோக்கியை மாடியில், கடற்காற்று வரும் பெரிய அறையில் வைத்திருந்தோம். அது என் ஆசை, என் பிழையும்கூட. மாடித் தளம் மெட்ராஸ் டெரஸ் முறையில் அமைந்தது. தேக்குக் கட்டைகளின் மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் மூலைவாட்டாக நிறுத்தி அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்துக் கெட்டிப்படுத்திய தளம் அது. நூறு மாணவர்கள் அமர்ந்தபோது தாங்கியதுதான். ஆனால் ஒருவர் நடந்தாலே மெல்ல அதிரும். நுண்ணோக்கியோ நொடிக்குச் சில மைக்ரோமீட்டர் வேகத்துக்கு மேற்பட்ட அதிர்வைப் பொறுக்காது. தளத்தைப் பெயர்த்துவிட்டுக் கான்கிரீட் போடலாம் என்று ஒரு யோசனை வந்தது. அப்படிச் செய்திருந்தால் முகப்பு மட்டுமே பழையதாக மிஞ்சியிருக்கும். கருவியைத் தரைத்தளத்துக்கு மாற்றி, சுவர் அடித்தளத்தோடு ஒட்டாத தனிக் கான்கிரீட் மேடை ஒன்றின் மேல் நிறுத்தினோம். மின்காந்தப் புலமும் அதற்கு ஆகாது என்பதால் லிஃப்டும் மின்மாற்றியும் கட்டடத்தின் மறுகோடிக்குச் சென்றன.

எங்களை உண்மையில் அலைக்கழித்தது ஈரம்தான். எப்போதோ நடந்த பழுதுபார்ப்பில், உட்சுவர்களில் சுண்ணாம்புப் பூச்சை உரித்துவிட்டு சிமென்ட் பூசியிருந்தார்கள். சுண்ணாம்பு ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும். சிமென்ட் அதை அடைத்துவிடும். அதனால் இடுப்பளவு உயரம் வரை ஓதம் ஏறி, உப்புப் பூத்திருந்தது. சிமென்ட்டைக் கொத்தி எடுத்து, சுவர் உலரக் காத்திருந்து, மீண்டும் சுண்ணாம்பு பூசினோம். அதற்கு, சுண்ணாம்பில் சேர்க்கும் கடுக்காய் நீரின் பதம் தெரிந்த வயதான மேஸ்திரி ஒருவரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. 'அவசரப்பட்டால் வெடித்துவிடும் சார்' என்று அவர் சொல்லும்போதெல்லாம் எங்கள் கால அட்டவணை ஒரு வாரம் தள்ளிப்போகும்.

அதோடும் சிக்கல் தீரவில்லை. இரவும் பகலும் குளிரூட்டினால், வெளியிலுள்ள ஈரக்காற்று குளிர்ந்த உட்புறத்தை நோக்கிச் சுவர் வழியே நகரும். நீராவி புகாத எபாக்ஸி வண்ணத்தை உள்ளே அடித்தால் அதன் பின்னாலேயே நீர் தேங்கும். ஆனால் சுத்தமான ஆய்வகத்துக்கு அத்தகைய வழவழப்பான பரப்பு தேவை. இறுதியில் அறைக்குள் அறை கட்டினோம். காப்புப் பலகைகளால் ஆன அந்த உள்ளறை பழைய சுவரைத் தொடுவதில்லை. இடையில் ஓராள் நுழைந்து பார்க்கும் அளவு இடைவெளி விட்டு, அதில் காற்றோட்டமும் அமைத்தோம். நச்சுப்புகை உறிஞ்சும் பெட்டிகளின் குழாய்களைக் கூரையைத் துளைக்காமல், பதினெட்டு அடி உயரத்தில் இருந்த பழைய காற்றுப் பலகணிகள் வழியே வெளியேற்றினோம். நாளை வேறு துறை வந்தால் எல்லாவற்றையும் கழற்றி எடுத்துவிடலாம்.

இப்போது கருவிகளைச் சரிபார்க்கும் நாட்கள் குறித்த அட்டவணையில் இன்னொரு வரியும் உண்டு: வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில், மேஸ்திரி மொட்டைமாடித் தட்டோடுகளைத் தட்டிப் பார்ப்பார்.