கயற்கண் யாருடைய கண்?

பள்ளிப் பிள்ளைகளிடம் அணி இலக்கணம் பற்றிக் கேட்டால் முதலில் வரும் பதில், ‘போல’ இருந்தால் உவமை, இல்லாவிட்டால் உருவகம். தேர்வுக்கு இது ஓரளவு கைகொடுக்கும். ஆனால் காவிரிக் கரையில் பிறந்து, காலையில் எழுந்ததிலிருந்து அணியாகவே பேசிக்கொண்டிருக்கும் ஜனங்களின் பிள்ளைகள், செய்யுளுக்குள் ‘போல’வைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. கேட்க வேண்டிய கேள்வி வேறு. இங்கே நிஜமாக இருக்கும் பொருள் எது, அதன்மேல் ஏற்றிச் சொன்ன பொருள் எது?

‘மாதிரி’யையே எடுத்துக்கொள்வோம். “ஆடுதுறை 43 மாதிரிதான் ஆடுதுறை 45-உம், 110 நாள் வாக்கில் அறுத்துடலாம்” என்று ஒருவர் சொன்னால் அதில் மாதிரி இருக்கிறது, அணி இல்லை. ஒரு நெல் ரகத்தை இன்னொரு நெல் ரகத்தோடு ஒப்பிடுவது வெறும் தகவல். “மைக்கைக் குடுத்தா மடை திறந்த மாதிரி பேசுவான்” என்றால் அது உவமை. பேச்சு வேறு, தண்ணீர் வேறு, நிற்காமல் பாய்கிற அந்தச் செயலில் மட்டும்தான் ஒற்றுமை. தொல்காப்பியம் உவமைக்கு வினை, பயன், மெய், உரு என்று நான்கு அடிப்படை சொல்கிறது, அதாவது செயல், பலன், வடிவம், நிறம். மடை திறந்த பேச்சு வினை, மழை மாதிரி வாரிக் கொடுக்கிறவர் பயன், உடுக்கை போன்ற இடை மெய், பொன் மாதிரி விளைந்து நிற்கும் கதிர் உரு. ஒரு உவமையைப் பார்த்ததும் எந்த வகையில் ஒற்றுமை என்று கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

சரி, உருவகம். இதற்கு எனக்குத் தெரிந்து சிலப்பதிகாரத்தின் கானல்வரியை விட நல்ல இடம் இல்லை, அதுவும் நம்ம ஆற்றைப் பற்றியே. புகார்க் கடற்கரையில் கோவலன் யாழை வாங்கிப் பாடுகிறான்:

மருங்கு வண்டு சிறந்து ஆர்ப்ப
மணிப்பூ ஆடை அதுபோர்த்துக்
கருங்கயற்கண் விழித்து ஒல்கி
நடந்தாய் வாழி காவேரி

இதில் ‘கயற்கண்’ என்ற ஒரே ஒரு சொல்லில் கொஞ்சம் நின்று பாருங்கள். ஒரு பெண்ணைப் பார்த்து கயற்கண் என்றால் அங்கே நிஜமாக இருப்பது கண், மீன் கிடையாது. கயல் போன்ற கண், உவமை. அதே சொல்லை ஆற்றைப் பார்த்துச் சொல்லும்போது கதை தலைகீழாக மாறிவிடுகிறது, ஏனென்றால் ஆற்றில் நிஜமாக இருப்பது மீன், இல்லாதது கண். கயலையே கண்ணாக வைத்துவிட்டார் இளங்கோவடிகள், ஆக இது உருவகம். பூவும் அப்படித்தான், நிஜமாக மிதந்து வருவது பூ, ஆடை என்பது ஏற்றிச் சொன்னது. மலரடி என்றால் உவமை, அடிமலர் என்றால் உருவகம் என்று வகுப்பில் வரிசையை வைத்துச் சொல்லித்தருவார்கள், தப்பில்லை. ஆனால் எது நிஜம் என்று தெரியாமல் வரிசையை மட்டும் வைத்துக்கொண்டு கயற்கண்ணைப் பிரிக்க முடியாது. எத்தனை தடவை படித்தாலும் இந்த இடம் எனக்குப் புதிதாகவே இருக்கிறது!

அப்புறம் உருவகம் ஏட்டோடு நிற்பதும் இல்லை. ஆடிப்பெருக்கன்று திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறையில் போய் நின்று பாருங்கள், காவிரி அம்மாவுக்கு மசக்கை என்று தேங்காய்ச் சாதம், புளிச்சாதம், எலுமிச்சைச் சாதம் என வகைவகையாகக் கட்டிக்கொண்டு வந்திருப்பார்கள். காதோலை, கருகமணி வைத்து, மஞ்சள் கயிறு வைத்துப் படைத்து தண்ணீரில் விடுவார்கள். புதுப்புனல் வந்து, நாற்று விட்டு, இனிமேல்தான் விளையப்போகிறது என்கிற காலத்தில் ஆறு வயிற்றுப் பிள்ளைக்காரியாகிறது. கோவலன் நடக்கவைத்த அதே பெண்தான், இங்கே சோறும் போடுகிறோம். பயிர் சூல் கட்டியிருக்கிறது, நெல் பால் பிடித்திருக்கிறது என்று வரப்பில் நின்று சொல்வதும் இதே குடும்பம்தான். பழகிப்போனதால் நமக்கு அது உருவகமாகவே தெரிவதில்லை.

உயர்வு நவிற்சிதான், அதாவது மிகைப்படுத்திச் சொல்வதுதான், இருப்பதிலேயே சிக்கலானது, வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டு அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு சாதாரணக் காற்றடித்த மறுநாள் “தோப்புல ஒரு மரம் இல்லடா” என்று பெரியப்பா சொன்னால் நாலைந்து மட்டை விழுந்திருக்கும் என்று எடுத்துக்கொள்வோம், அவரும் அந்த அர்த்தத்தில்தான் சொல்லியிருப்பார். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் கரையைக் கடந்த பிறகு பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கமிருந்து இதே வாக்கியத்தைப் போனில் கேட்டார்கள் வெளியூரில் இருந்தவர்கள். பலர் அதை வழக்கமான மிகையாகவே கேட்டுக்கொண்டார்கள். வந்து பார்த்தால், பல தோப்புகளில் எழுத்துக்கு எழுத்து அது உண்மை. ஒரு எழுத்துகூட மாறாத வாக்கியம் ஒரு நாள் அணி, இன்னொரு நாள் செய்தி. அதனால் யார், எப்போது, எதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார் என்பதைத் தள்ளிவிட்டு அணி கண்டுபிடிக்கச் சொல்லித்தருவது சரியில்லை என்பது என் கட்சி.

புகழ்கிற மாதிரி பழிக்கும் வஞ்சப்புகழ்ச்சிக்கும் அதே கதைதான். மடை வெட்டுகிற நேரத்துக்கு வராமல் பொழுது சாய்ந்து வருகிறவரை “வாங்க மகாராஜா” என்பதில் புகழ்ச்சி எங்கே இருக்கிறது என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கடைசியாக ஆகுபெயர், அதாவது ஒன்றின் பெயர் அதோடு தொடர்புள்ள இன்னொன்றுக்கு ஆகி வருவது. இலக்கணத்தில் இது அணிக்குள் வராது, பெயருக்குள் வரும், ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அதேதான். “மேட்டூர் திறந்தாச்சு” என்கிறோம், திறந்தது அணையின் மதகு, ஊர் இல்லை. “குறுவை அறுத்தாச்சா?” என்கிறோம், குறுவை என்பது பட்டம், அதாவது சாகுபடிப் பருவம், அறுப்பது அந்தப் பட்டத்து நெல்லை. இப்படிக் காலத்தின் பெயர் பயிருக்கு ஆவது காலவாகுபெயர், பழைய உரைகளில் அதற்கு ‘கார் அறுத்தான்’ என்று எடுத்துக்காட்டு இருக்கும். கார் எந்த மாதம் என்று தெரியாத பிள்ளைக்கும் குறுவை தெரியும், மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 எப்போது வரும் என்று வீட்டில் பேசுவதைக் கேட்டே வளர்ந்த பிள்ளை அது, அங்கிருந்து ஆரம்பித்தால் ஒரே வகுப்பில் புரிந்துவிடும்.