நான்கு முகவரி, இரண்டு பெட்டி

கரூரில் மாமா சிறிய அளவில் படுக்கை விரிப்பும் மேஜை விரிப்பும் தைத்து ஏற்றுமதி செய்கிறார். பல வருடங்களாக ஒரே ஜிமெயில்தான். வெளிநாட்டு பையர் ஒருவர் கம்பெனி பெயரில் மெயில் கேட்டதும் அந்த வேலை என்னிடம் வந்தது.

டொமைன், அதாவது கம்பெனிக்கென்று ஒரு இணையப் பெயர், வாங்குவது பத்து நிமிட வேலை. அடுத்ததில்தான் தவறினேன். இன்ஃபோ, சேல்ஸ், அக்கவுண்ட்ஸ், மாமா பெயர் என்று நான்கு மெயில்பாக்ஸ் திறந்து நான்குக்கும் சந்தா கட்டினேன். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், விலை கேட்டு வந்த ஐந்து மெயில் சேல்ஸ் பெட்டியில் படிக்காமலே கிடந்தன. மனசு பதறிவிட்டது.

முகவரி வேறு, பெட்டி வேறு என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. ஒரே பெட்டிக்குப் பல முகவரி வைக்கலாம். அதற்கு அலையஸ் என்று பெயர். இடம் பிடிப்பது, பாஸ்வேர்டு கேட்பது, காசு ஆவது எல்லாம் பெட்டிதான். அலையஸுக்குப் பெரும்பாலும் தனிச் சந்தா கிடையாது. ஒரு பெயரில் பெட்டி இருக்கும்வரை அதே பெயரை அலையஸாக வைக்க முடியாது. அதனால் உள்ளே இருந்த மெயில்களை மாமாவின் பெட்டிக்கு நகர்த்திவிட்டு, இன்ஃபோ, சேல்ஸ் பெட்டிகளை நீக்கி, இரண்டையும் அவருடைய அலையஸ் ஆக்கினேன். கணக்குப் பார்ப்பவருக்கு மட்டும் தனிப் பெட்டி.

சரி, முடிந்தது என்று நினைத்தபோது மாமாவின் போன் வந்தது. "ஏன் மாப்ள, நேத்து வந்த ஆர்டர் மெயில் போன்ல காணோமே?"

ஆபீஸ் கம்ப்யூட்டரில் மெயில் மென்பொருளை, மெயிலைக் கம்ப்யூட்டருக்கே இறக்கிக்கொள்ளும் பாப்3 முறையில் இணைத்திருந்தார்கள். 'சர்வரில் நகல் வை' என்ற கட்டத்தில் டிக் இல்லை. கம்ப்யூட்டர் மெயிலை இறக்கியதும் சர்வரிலிருந்து அது போய்விட்டது. மெயிலைச் சர்வரிலேயே வைத்து எல்லாக் கருவியிலும் காட்டும் ஐமேப் முறையில், அதன் பாதுகாப்பான இணைப்பு எண்ணான போர்ட் 993 வைத்து, மறுபடி இணைத்தேன். கம்ப்யூட்டரில் தங்கியிருந்த மெயில்களைப் புதிய கணக்கின் ஃபோல்டருக்கு இழுத்துப் போட்டதும் அவை சர்வருக்கு ஏறின, போனிலும் தெரிந்தன. ஒன்றும் தொலையவில்லை.

அப்புறம் ஸ்பாம் பிரச்சினை. நாங்கள் அனுப்பிய கொட்டேஷன் பையரின் ஸ்பாமில் விழுந்தது. டொமைனின் அமைப்புகளில் எம்எக்ஸ் என்ற பதிவு சரியாகத்தான் இருந்தது. ஆனால் அது வரும் மெயிலுக்கு வழி சொல்வது. நம் பெயரில் யார் மெயில் அனுப்பலாம் என்று சொல்வது அங்கேயே இருக்கும் எஸ்பிஎஃப் என்ற இன்னொரு பதிவு. மெயில் சேவைக்கு ஒன்று, வெப்சைட் படிவத்துக்கு ஒன்று என்று நான் இரண்டு எஸ்பிஎஃப் வரி சேர்த்திருந்தேன். ஒரு டொமைனுக்கு ஒரே வரிதான் இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் சரிபார்ப்பே பிழையில் முடியும். இரண்டையும் ஒரே வரியாக இணைத்தேன். மெயிலில் டிஜிட்டல் கையெழுத்துப் போடும் டிகேஐஎம்மையும், இவற்றில் தவறினால் என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க்கையும் சேர்த்தேன். மறுநாள் காலை என் ஜிமெயிலுக்கு ஒரு சோதனை மெயில் அனுப்பி, மெயிலின் முழு விவரம் காட்டும் 'ஷோ ஒரிஜினல்' திறந்து பார்த்தேன். மூன்றுக்கும் நேராகப் பாஸ்! பையரின் பதில் அன்று மாலையே வந்தது.

டிமார்க்கை இப்போதைக்கு 'நன்' (தவறினாலும் ஒன்றும் செய்யாதே) என்றுதான் வைத்திருக்கிறேன். தினமும் வரும் அறிக்கைகளில் நம்முடைய மெயில் எதுவும் தவறவில்லை என்று ஒரு மாதம் பார்த்துவிட்டு, 'குவாரன்டைன்' (தவறினால் ஸ்பாமில் போடு) ஆக்கிவிடுவேன்.