இணைப்பு: ஒரு கத்தி

முப்பது ஆண்டுகள் நீதிமன்றத்தில் மனுக்களைப் பதிவு செய்தவன் நான். தேதி, கையொப்பம், இணைப்புகள் என்று பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனது. அதனால்தானோ என்னவோ, ‘மூன்று வீரர்கள், ஐந்து தீரர்கள்’ என்ற பழைய சீன நாவலில் என்னை முதலில் இழுத்தது வாள்சண்டை இல்லை, ஒரு மனு.

நள்ளிரவில் கைஃபெங் நகர நீதிபதி பாவ் செங்கின் அறைக்குள் யாரோ வந்து போயிருக்கிறார்கள். காவலர் ஒருவர் கண்ணிலும் படவில்லை. ஒரு கத்தியும் ஒரு சீட்டும் மட்டும் கிடக்கின்றன. சீட்டில் நான்கே சீன எழுத்துகள்: யான் சாசானுக்கு அநீதி. செய்யாத கொலையைச் செய்ததாக ஒப்புக்கொண்டு சிறையில் கிடக்கும் ஏழை மாணவன் அவன். நான் பதிவு செய்த எந்த மனுவுக்கும் கத்தி இணைப்பாக வந்ததில்லை. பாவ் செங் அதை முறையற்ற மனு என்று ஒதுக்கவில்லை. வழக்கை மறுபடி துருவுகிறார்.

கத்தியை வைத்தவன் பாய் யூதாங். ஐந்து தீரர்களும் எலிகள் என்றே பெயர் வாங்கியவர்கள். இவன் பட்டுமயிர் எலி, கடைக்குட்டி, மகா கர்வி. ஷி யூகுன் என்ற பெய்ஜிங் கதைசொல்லி வாய்மொழியாகச் சொல்லி வந்த கதைகளிலிருந்து வளர்ந்த நாவல் இது, 1879இல் அச்சேறியது. பத்து ஆண்டு கழித்து யூ யுவே என்ற அறிஞர் இதைத் திருத்தித் தலைப்பில் மூவரை எழுவராக்கினார். இரட்டைச் சகோதரர்களை ஒரே வீரராக எண்ணியிருந்த கணக்கு அவருக்குப் பொறுக்கவில்லை; அவர்களை இருவராக்கி, இன்னும் மூவரையும் சேர்த்துக்கொண்டார். அவர் என் அலுவலகத்துக்கு வந்திருந்தால் நன்றாகப் பொருந்தியிருப்பார்.

வீரர்களில் வாசகர் பலருக்கும் பிடித்தவன் ஜான் சாவ். பேரரசர் முன் வாள் சுழற்றி, கூரைமேல் பாய்ந்து காட்டுகிறான். “இவன் என் பூனை போலவே இருக்கிறானே” என்று பேரரசர் வியக்க, ‘அரசப் பூனை’ என்ற பெயரும் நான்காம் படிநிலைக் காவலர் பதவியும் ஒட்டிக்கொள்கின்றன. எலிகள் இருக்கும்போது ஒருவன் பூனை ஆவதா என்று யூதாங் கொதிக்கிறான். நீதிபதியின் மாளிகையிலிருந்து மூன்று அரும்பொருள்களைத் திருடிக்கொண்டு தன் தீவுக்குப் போய்விடுகிறான். தேடி வந்த ஜான் சாவ் பொறியில் விழுகிறான். அடைபட்ட குகையில் ஒரு பலகை தொங்குகிறது: ‘பூனை ஆத்திரத்தில் சாகட்டும்’. இவ்வளவு சின்னத்தனமான பழிவாங்கலை நான் வேறெங்கும் படித்ததில்லை. படிக்கும்போதெல்லாம் சிரிப்பு வருகிறது.

பெயர் வெறும் சாக்கு என்றுதான் எனக்குப் படுகிறது. எவனுக்கும் கட்டுப்படாமல் திரிந்தவன் ஒருவன் அரசனின் செல்லப்பிராணியாகிவிட்டானே என்பதுதான் யூதாங்கின் எரிச்சல். கடைசியில் அவனும் பிடிபடுகிறான். நீச்சல் தெரியாதவனைத் தண்ணீரில் தள்ளி மடக்குகிறான் அண்ணன் எலி ஜியாங் பிங். யூதாங்குக்கும் பதவி தரப்படுகிறது. அதே நான்காம் படிநிலை!

உண்மையில் வாழ்ந்த பாவ் செங்குக்குப் பூனையும் இல்லை, எலியும் இல்லை. சோங் வம்சக் காலத்தில் 999 முதல் 1062 வரை வாழ்ந்தவர். தியன்சாங்கில் அதிகாரியாக இருந்தபோது, தன் மாட்டின் நாக்கை யாரோ அறுத்துவிட்டதாக ஒருவன் வந்து அழுதான். “போய் மாட்டை வெட்டி இறைச்சியை விற்றுவிடு” என்றார். உழவு மாட்டை அனுமதியின்றி வெட்டுவது அப்போது குற்றம். சீக்கிரமே இன்னொருவன் வந்து, இன்னார் மாட்டை வெட்டிவிட்டான் என்று புகார் கொடுத்தான். “நாக்கை அறுத்ததும் நீ, இப்போது புகார் சொல்வதும் நீயா?” என்றார். வந்தவன் வெலவெலத்து ஒப்புக்கொண்டான். கைஃபெங்கிலும் அவர் ஒரு காரியம் செய்தார். வழக்காடுவோர் நேரே உள்ளே வரக்கூடாது என்றிருந்த வழக்கத்தை மாற்றி, முன்வாசலைத் திறந்துவிட்டார். எழுத்தர்களுக்கு இடையில் புகுந்து ஏமாற்றத் துணிவில்லாமல் போயிற்று. எங்கள் வர்க்கத்துக்கு விழுந்த அடிதான். ஆனாலும் வாசலைத் திறந்த அந்த மனிதரை எந்த வாள்வீரனைவிடவும் எனக்குப் பிடித்திருக்கிறது.

நாவலின் பாவ் செங்குக்கோ வேலையாட்கள் ஏராளம். அதற்கான விலையை யூதாங் கொடுக்கிறான். முன்பு அவன் காப்பாற்றிய மாணவன் யான் சாசான் இப்போது பேரரசரின் ஆய்வாளர். அவனுடைய அரசு முத்திரை திருடுபோகிறது. காவல் பொறுப்பில் இருந்த யூதாங்குக்கு அவமானம் தாங்கவில்லை. யாரிடமும் சொல்லாமல், சதிகார இளவரசனின் கோபுரத்துக்குத் தனியே போய், செம்பு வலைப் பொறியில் சிக்கி, அம்பு மழையில் சாகிறான். முத்திரை கிடந்ததோ வேறிடத்தில், நீரூற்றின் அடியில். முத்திரை தொலைந்தால் என்னாகும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதற்காக உயிரை விடுவதை அந்தப் பழைய யூதாங் கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான்.

அந்த அத்தியாயம் முடிந்ததும் நான் வழக்கமாகப் பின்னோக்கிப் புரட்டி, யூதாங்கும் யான் சாசானும் முதலில் சந்தித்த விடுதிக்குப் போய்விடுவேன். கிழிந்த உடையில், பொய்ப் பெயரில் வருகிறான் யூதாங். செலவு யானுடையது, கட்டளை இவனுடையது. கெண்டை மீன் வேண்டும். ஒரு ஜின் (அரைக் கிலோவுக்குச் சற்று மேல்) எடைக்குக் குறைந்ததெல்லாம் கெண்டையே இல்லை. உயிரோடு கொண்டுவந்து காட்ட வேண்டும். வால் செங்குழம்பு தீட்டியதுபோல் சிவந்திருக்க வேண்டும். யானின் வேலைக்காரச் சிறுவன் யூமோவுக்குப் பில்லை நினைத்தே வயிறு எரிகிறது. மறுநாளும் அதே கூத்து. மூன்றாவது முறை யூமோ பொறுக்கமாட்டாமல், விருந்தாளி வாய் திறப்பதற்குள் தானே பரிசாரகனைக் கூப்பிட்டு, எடையையும் வாலையும் ஒன்றுவிடாமல் ஒப்பிக்கிறான்.