ஏனாதியும் புளியங்கொட்டையும்

2024 ஜனவரி 6, சனி

டர்பனில் இரவு பத்து மணிக்கும் சட்டை முதுகில் ஒட்டுகிறது. மின்விசிறிக்கு நேர் கீழே நோட்டை விரித்து உட்கார்ந்திருக்கிறேன். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, டைஸ் உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை ஆடும் எங்கள் சனிக்கிழமை ஆட்டத்தில் மந்திரவாதி, பூசாரி, வில்லாளி எல்லாரும் உண்டு, தளபதி மட்டும் இல்லை. பூசாரியாகவே ஆடி ஆடி மச்சானுக்குச் சலித்துவிட்டது. "அத்தான், சாமியைக் கூப்பிடாம ஆளைக் காப்பாத்துற மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்க" என்கிறான்.

கேள்வி பழையது. இதே வகை ஆட்டமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் நான்காம் பதிப்பில் (2008) வார்லார்ட் (போர்த்தலைவன்) என்றொரு வகுப்பு, அதாவது பாத்திர வகை, இருந்தது. அவன் ஒரு வார்த்தை சொன்னால் அடிபட்டவனின் ஹெச்பி (உயிர்ப்புள்ளி) ஏறும். "கத்தினா வெட்டுக்காயம் மூடிக்குமா?" என்று அன்று ஆரம்பித்த சண்டை இன்னும் ஓயவில்லை. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் கையேட்டில் அந்த வகுப்பே இல்லை. ஃபைட்டர் (சண்டைக்காரன்) வகுப்புக்குள் பேட்டில் மாஸ்டர் என்ற கிளையில், தன் அடியைத் தோழனுக்கு விட்டுக்கொடுப்பது போன்ற சில உத்திகள் மட்டும் தப்பின. அங்கே தலைமை என்பது தட்டோரத்து ஊறுகாய். எனக்குச் சோறே அதுவாக வேண்டும்.

பெயர் மட்டும் கிடைத்துவிட்டது: ஏனாதி. பழந்தமிழ் அரசர்கள் படைத்தலைவனுக்குக் கொடுத்த பட்டம். பட்டத்தோடு ஒரு மோதிரமும் கொடுப்பார்கள். அந்த மோதிரத்தை விடக்கூடாது.

ஜனவரி 13, சனி

முதல் சோதனை. ஹெச்பியை இரண்டாக உடைத்தேன்: உடல், தெம்பு. தெம்புக்குப் புளியங்கொட்டை, ஆளுக்கு ஆறு. (புளி கரைக்கும்போது மனைவி ஒரு வாரமாக எடுத்து வைத்தது. இன்னும் பிசுபிசுப்பு போகவில்லை.) அம்பு வந்தால் முதலில் கொட்டை போகும். அது தீர்ந்த பிறகுதான் ரத்தம். ஏனாதி பேசினால் கொட்டை மட்டுமே திரும்பி வரும், உடல் ஆறாது. அதற்குக் கட்டுப்போடுகிறவன் வேண்டும். பதினாறு வருஷச் சண்டைக்கு எங்கள் சாப்பாட்டு மேசையில் அரை மணி நேரத்தில் தீர்ப்பு வந்துவிட்டது.

கெட்டது வேறு இடத்தில். மச்சானுக்கு ஏனாதி என்ற பதவி தலைக்கேறிவிட்டது. நீ அங்கே போ, நீ இவனை அடி, நீ சும்மா இரு. மகள் போனை எடுத்துக்கொண்டாள். யாழ்ப்பாணத்துத் தம்பி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினான். "அண்ணை, நான் என்னத்துக்கு வந்தனான்? டைஸ் உருட்டிக் குடுக்கவோ?"

அவன் கேட்டதில் பிழையில்லை. தளபதி வகுப்புக்கு இருக்கும் உண்மையான நோய் காயம் ஆற்றுவதில் இல்லை, இதில்தான் இருக்கிறது: ஒருவனுடைய முறையை இன்னொருவன் ஆடிவிடுகிறான்.

ராத்திரி விதியை மாற்றி எழுதினேன். ஏனாதி கட்டளை போட முடியாது. தன் கொட்டையில் ஒன்றை எடுத்து, இன்னதைச் செய் என்று சொல்லி, தோழன் முன்னால் வைக்கலாம். அவன் எடுத்துக்கொண்டால் அவனுக்கு உடனே ஒரு கூடுதல் அசைவு. எடுக்காவிட்டால் கொட்டை திரும்பி வரும், ஏனாதியின் முறை வீண்.

ஜனவரி 15, திங்கள்

குக்கரில் பொங்கல், பிறகு ஆபீஸ். ஒரு வரியும் எழுதவில்லை.

ஜனவரி 20, சனி

மகளைக் கூட்டிக்கொண்டு ஸ்பியன் கோப் போனேன். காரில் மூன்று மணி நேரம், லேடிஸ்மித்துக்கு மேற்கே. லிவர்பூல் ஜெர்சியோடு அலையும் டர்பன் பையன்களுக்கு அந்த அணியின் மைதானத்தில் ரசிகர்கள் நிற்கும் 'கோப்' தெரியும், அந்தப் பெயர் இந்தக் குன்றிலிருந்து போனது என்பது பாதிப் பேருக்குத் தெரியாது.

போயர் போரில், 1900 ஜனவரி 23 இரவு பிரிட்டிஷார் மூடுபனியில் ஏறிப் பிடித்த குன்று. பாறை மண்ணில் பதுங்குகுழி ஆழமாக வெட்ட முடியவில்லை. காலையில் பனி விலகியபோதுதான் தெரிந்தது, குழியே தப்பான இடத்தில் இருக்கிறது, பக்கத்துக் குன்றுகளிலிருந்து போயர்கள் (இங்கே குடியேறிய டச்சு வம்சாவளியினர்) நேராகப் பார்த்துச் சுடலாம். ஜெனரல் உட்கேட் குண்டடிபட்டுச் சாய்ந்தார். அப்புறம் அந்தச் சின்ன உச்சியில் யார் தலைவர்? கர்னல் கிராஃப்டன் தான் என்று நினைத்தார். கீழேயிருந்து வந்த செய்தி தார்னிகிராஃப்ட் என்றது. பின்னால் ஏறி வந்த ஜெனரல் கோக் காதில் அது விழவே இல்லை. எங்கள் வீட்டுக் கல்யாணப் பந்தியில்கூட இதைவிடத் தெளிவாக இருக்கும்.

தார்னிகிராஃப்ட் பெரிய உருவம். நடுப்பகலில் சில சிப்பாய்கள் கையைத் தூக்கிச் சரணடையப் போனபோது ஓடிவந்து, இங்கே நான்தான் அதிகாரி, சரணாகதி கிடையாது என்று கத்தியே மற்றவர்களை நிறுத்தினார். அதே மனிதர் அன்று இரவு, சோர்ந்துபோய், படையைக் கீழே இறக்கினார். அந்த இரவில் போயர்களும் கலைந்து போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களின் தளபதி லூயி போத்தா ஒருவர்தான் விடாமல் பேசிப் பேசி ஆட்களைப் பிடித்து வைத்தார். விடிந்து பார்த்தால் உச்சி காலி.

அந்தக் குழியே இப்போது கல்லறை. வெள்ளையடித்த கற்கள் அடுக்கிய நீளமான வரிசை. மகள் அதன் ஓரமாக நடந்தபோது எதுவும் பேசவில்லை.

காயம்பட்டவர்களைத் தூக்கிச் சுமந்தவர்களில் காந்தி சேர்த்த இந்திய ஆம்புலன்ஸ் படையும் உண்டு. 1,100 பேர், பெரும்பாலானோர் கரும்புத் தோட்டத்துக் கூலிகள், சென்னையில் கப்பலேறி வந்த தமிழரும் தெலுங்கரும் அதில் கணிசம். கட்டுப்போடுகிறவன் வேண்டும் என்று நான் விட்ட இடம் நினைவுக்கு வந்தது. 'டோலிக்காரன்' என்று எழுதிக்கொண்டேன். அது தனி வகுப்பு, ஏனாதிக்குள் திணிக்கக்கூடாது.

இறங்குவதற்கு முன் ஒரு சோதனை. மகளை நாற்பது தப்படி தள்ளி நிறுத்தி, "இடப்பக்கம் போ!" என்று கத்தினேன். காற்று பிய்த்துக்கொண்டு போனது. "என்னாது?" என்றாள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறாள், வாக்கியம் போய்ச் சேரவில்லை. இருபது தப்படியில் முழுதும் கேட்டது. விதி அங்கேயே முடிந்தது: இருபதுக்குள் சொன்னால் கொட்டையோடு அசைவும் உண்டு. நாற்பதுக்குள் பெயரை மட்டும் கூப்பிடலாம், கொட்டை கிடைக்கும், அசைவு கிடைக்காது. மயங்கிக் கிடப்பவனுக்கு எதுவும் கேட்காது.

ஜனவரி 25, வியாழன்

தைப்பூசம். வெயிலில் ஒரு காவடிக்காரருக்குக் கால் தள்ளாடியது. சுற்றிலும் அரோகரா, மேளம், அவர் காதில் எதுவும் ஏறவில்லை. ஒரு பாட்டி முழங்கையைப் பிடித்து ஏதோ சொன்னாள், நடந்துவிட்டார். இரைச்சலுக்கு நடுவே தொட்டுச் சொன்னால்தான் எடுபடும் என்று சேர்த்திருக்கிறேன். எல்லாவற்றையும் ஆட்டமாகவே பார்க்கிறேன் என்று மனைவிக்குக் கோபம். நியாயம்தான்.

ஜனவரி 27, சனி

சொல்லாமல் கொள்ளாமல் ஸ்பியன் கோப்பையே ஆட வைத்தேன். பெயர் மாற்றி, எதிரிக்குக் கொம்பு வைத்து. மூடுபனி, ஆழமில்லாத குழி, மூன்று பக்கமும் வில்.

விதி வேலை செய்தது. மச்சான் கொட்டையை நகர்த்தி வைத்துவிட்டு தோழனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், எடுப்பானா மாட்டானா என்று. தம்பி ஒருமுறை எடுக்காமல் விட்டான். அடுத்த முறை மச்சானின் குரல் தானாக இறங்கியது: "தம்பி, உனக்கு எது சரின்னு படுது?" இதை நான் எங்கேயும் எழுதவில்லை.

இரவாகியது. மேசையில் மொத்தம் நான்கு கொட்டை மிச்சம். மச்சான் யோசித்து, "இறங்கிடுவோம்" என்று ஆளுக்கொன்று வைத்தான். தம்பி எடுத்தான், மனைவி எடுத்தாள். மகள் கையைக் கட்டிக்கொண்டாள்.

"நான் இறங்க மாட்டேன் மாமா."

அவளுக்குக் குன்று தெரியும். என்னைப் பார்க்கவே இல்லை, சிரிப்பை அடக்கிக்கொண்டு மேசையைப் பார்த்தாள். தெரிந்ததை வைத்து ஆடுவது கள்ளாட்டம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மச்சான், அவனுக்கு ஒன்றும் தெரியாது, நான் பித்தளைக் கடையில் வாங்கிக் கொடுத்த மோதிரத்தைக் கழற்றி அவள் முன்னால் வைத்தான். "அப்ப நீயே பாத்துக்க. நான் உன்கூட இருக்கேன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மோதிரம் வில்லாளியாக ஆடும் மகளின் கைக்கு மாறினால் என்ன ஆகும் என்று விதி இல்லை. பத்து நிமிஷம் தேநீர் இடைவேளை என்று சொல்லிவிட்டு அடுக்களையில் நின்று இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.