நரோக்கில் பார்த்த கருப்புத் தடி

கென்யாவின் நைரோபியில் ஏறும்போது, மசாய் மக்கள் வாழும் பக்கத்து ஊரான நரோக்குக்கு 500 ஷில்லிங் என்றுதான் சொன்னார்கள். ஆள் நிரம்பும்வரை மட்டாட்டு வேன் நகரவே இல்லை. ஒன்றரை மணி நேரம் வெயிலில் வெந்தோம். மாய் மாஹியு பக்கம் பள்ளத்தாக்கு விரிய ஆரம்பித்த நேரம் பார்த்து நடத்துநர் வந்து, பைக்குத் தனியாக 300 கேட்டார். பை என் மடியில் இருந்தது! பக்கத்து சீட் அம்மா எனக்காக சுவாஹிலியில் சண்டை போட்டும் 200 வாங்காமல் விடவில்லை. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்குள் போகவில்லை. வெளிநாட்டவருக்கு ஒரு நாள் கட்டணம் ஜூன்வரை 100 டாலர், ஜூலையிலிருந்து 200. அந்தப் பணத்தில் நான் ஒரு வாரம் ஓட்டுவேன். சிங்கத்தை விட, மசாய்கள் தங்கள் பையன்களை எப்படி ஆளாக்குகிறார்கள் என்று கேட்கத்தான் ஆசைப்பட்டு வந்தேன்.

எப்படிப் போவது, எங்கே தங்குவது என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அங்கே ஒரு மசாய்ப் பெரியவர் சொன்னதை முதலில் சொல்லியாக வேண்டும்.

சாணம் பூசிய குடிசை வாசல். பால் நிறைய ஊற்றிய இனிப்புத் தேநீர். இந்தப் பயணத்தில் குடித்ததிலேயே அதுதான் உசத்தி. வழிகாட்டித் தம்பி மொழிபெயர்க்க, பெரியவர் பேசினார். என்கிபாட்டா சடங்கில் பையன்களை ஒரே வயதுக் குழுவாகச் சேர்க்கிறார்கள். அப்புறம் விடியற்காலைக் குளிரில் தண்ணீர் ஊற்றி, சுன்னத். முகம் சுளித்தால் குடும்பத்துக்கே அவமானம். அதற்குப் பிறகு மொரான், அதாவது போர்வீரன். தனியாகச் சாப்பிடக் கூடாது. கிடைப்பதைக் கூட்டாளிகளோடுதான் பகிர வேண்டும். சில வருஷம் கழித்து யூனோட்டோவில், செம்மண் பூசி வளர்த்த நீளமுடியை அம்மாவே மழித்துவிடுகிறார். கடைசியாக ஒல்ங்கெஷெர், பெரியவர்கள் வரிசையில் சேரும் சடங்கு. என்கிபாட்டா, யூனோட்டோ, ஒல்ங்கெஷெர் ஆகிய மூன்று சடங்குகளையும் 2018-இல் யுனெஸ்கோ அவசரமாகக் காக்க வேண்டிய மரபுகள் பட்டியலில் சேர்த்தது.

எனக்குப் பிடித்தது தலைவன் விஷயம்தான். குழுவின் பேச்சாளன் ஒலைகுவெனானி. பலசாலியாக இருந்தால் மட்டும் போதாது. பொறுமையாகக் கேட்கிறானா, சண்டையைப் பேசித் தீர்க்கிறானா என்று சின்ன வயதிலிருந்தே பார்த்து வைத்திருப்பார்களாம். அவன் கையில் ஒரு கருப்புத் தடி. பெரியவர் தன்னுடையதை எடுத்துக் காட்டினார். கை பட்டுப்பட்டு வழவழவென்று இருந்தது.

யூனோட்டோவில் இன்னொருவனையும் தேர்ந்தெடுக்கிறார்கள்: ஒலோடுனோ. உடம்பில் குறை இருக்கக் கூடாது, யாரையும் கொன்றிருக்கக் கூடாது. குழு செய்யும் நல்லது கெட்டது எல்லாம் அவன் தலையில்தான். நம் ஊரில் பதவிக்கு அடித்துக்கொள்கிறோம். அங்கே பிடித்து இழுத்து உட்காரவைக்க வேண்டியிருக்கிறது. அதுதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது. சுமையின் கனம் தெரிந்தவன்தானே பயப்படுவான்?

திரும்பி நடக்கும்போது தம்பி மெதுவாகச் சொன்னான், "ஒலோடுனோவைத் தேர்ந்தெடுக்குற நாள் வந்தப்போ எங்க அண்ணனை அம்மா ஒளிச்சு வெச்சாங்க." அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"அவனே வெளிய வந்துட்டான்."