முன்பின் தெரியாதவர் எதிரே: நாட்குறிப்பு

ஜனவரி 12, ஞாயிறு

இன்று என் எதிரே வந்து உட்கார்ந்தவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். பெயர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் கூடுகையில் பெயர், வேலை, சம்பளம், குடும்பம் எதையும் கேட்டு ஆரம்பிப்பதில்லை. இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்காருவோம். நடுவில் கேள்விச் சீட்டுகள் கவிழ்த்து வைத்திருக்கும். ஒருவர் எடுத்துப் படிக்க வேண்டும், மற்றவர் பதில் சொல்ல வேண்டும். அப்புறம் கேட்டவரும் அதே கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பிடிக்காத கேள்வி வந்தால் "வேண்டாம்" என்றால் போதும், காரணம் சொல்லத் தேவையில்லை.

நான் எடுத்த சீட்டில் இருந்தது: "இறந்துபோன யாரோடாவது இப்போதும் பேசுகிறீர்களா?"

"பேசுவேன்மா. என் தம்பியோட. காலைல ஷேவ் பண்றப்போ" என்றார், கொஞ்சமும் யோசிக்காமல். உடனே அடுத்ததையும் சொன்னார்: "ஆனா எனக்கு ஆத்மா, மறுபிறவி எதுலயும் நம்பிக்கை கிடையாது. செத்தா அதோட முடிஞ்சது."

அப்புறம் ஏன் பேசுகிறீர்கள் என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. அதைக் கேட்டிருந்தால் அவர் தன் கட்சிக்கு வாதாட ஆரம்பித்திருப்பார். "என்ன பேசுவீங்க ஐயா?" என்று கேட்டேன். சீட்டை என்னிடமிருந்து வாங்கி அதன் ஓரத்தை நகத்தால் மடித்து, திரும்ப நீவிவிட்டார். "முழங்கால் வலி எப்படி இருக்கு, நேத்து யார் வந்தா, யாரு எங்கிட்ட சரியாப் பேசல. இதெல்லாம்தான். அவன் உயிரோட இருந்தப்பவும் நான்தான் பேசுவேன், அவன் 'ம்' கொட்டுவான்."

என் முறை வந்தது. சாவுக்குப் பிறகும் ஏதோ உண்டு என்று உறுதியாக நம்புகிறவள் நான். ஆனால் இறந்தவர்கள் யாரோடும் நான் பேசியதே இல்லை. அதைச் சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். "நம்புற நீ பேசல. நம்பாத நான் தினமும் பேசுறேன். சரிதான் போ" என்றார்.

ஜனவரி 14, செவ்வாய்

கேட்டவரும் பதில் சொல்ல வேண்டும் என்ற எங்கள் விதி புதிதல்ல. ஆர்தர் ஆரன் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1997-இல் வெளியிட்ட ஆய்வில் இருப்பது கிட்டத்தட்ட இதேதான். ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேருக்கு 36 கேள்விகள், சுற்றுக்கு 12 வீதம் மூன்று சுற்று, மொத்தம் 45 நிமிடம். போகப்போகக் கேள்விகள் ஆழமாகும். முதல் சுற்றில், ஒருவருக்கு போன் செய்வதற்கு முன்னால் என்ன பேசப்போகிறோம் என்று ஒத்திகை பார்ப்பீர்களா என்று இருக்கும். கடைசிச் சுற்றில், இன்னொருவர் முன்னால் கடைசியாக எப்போது அழுதீர்கள் என்று இருக்கும். அதே நேரம் சும்மா அரட்டை மட்டும் அடித்த ஜோடிகளைவிட இவர்கள் அதிக நெருக்கத்தை உணர்ந்தார்கள்.

2015-இல் ஒரு பத்திரிகைக் கட்டுரை வந்ததிலிருந்து இதைக் காதல் வரவழைக்கும் கேள்விகள் என்றே எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆய்வு பேசியது, ஆய்வுக்கூடத்தில் தற்காலிகமாக ஒரு நெருக்கத்தை உண்டாக்க முடியுமா என்பதைப் பற்றி. அதிலும் என்னை நிறுத்தி யோசிக்க வைத்த முடிவை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. முக்கியமான விஷயங்களில் கருத்து மாறுபடாதவர்களாகப் பார்த்து ஜோடி சேர்த்தும், அதனால் நெருக்கத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் வரவில்லை. நானும் அந்தப் பெரியவரும் சாவைப் பற்றி எதிரெதிர்க் கட்சி. எங்களுக்குள் அரை மணி நேரத்தில் வந்த ஒட்டுதலுக்கு ஒத்த கருத்து தேவைப்படவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

இன்றைக்கு ஒரு இளைஞர். கடவுள் பற்றிய சீட்டு வந்தது. "வேண்டாம்." குடும்பத்தில் யாருடைய சாவு உங்களை அதிகம் பாதிக்கும் என்று வந்தது. "வேண்டாங்க." போன் ஒத்திகைக் கேள்வி வந்ததும் முகம் மாறியது. எதிர்முனையில் யார் எடுப்பார்கள், என்ன சொல்வார்கள், அதற்குத் தான் என்ன சொல்ல வேண்டும் என்று எழுதி வைத்துக்கொண்டுதான் பேசுவாராம். சின்ன வயதில் திக்குவாய் இருந்ததாம். இப்போது இல்லை, ஆனாலும் எழுதுகிறார். அதை நெடுநேரம் சொன்னார்.

மறுத்த இரண்டு கேள்விகளுக்கும் நான் மட்டும் பதில் சொல்லட்டுமா என்று கேட்டேன். அதற்கும் வேண்டாம் என்றார். சொல்லவில்லை. மறுக்கும் உரிமை வெறும் சம்பிரதாயமாக இல்லாமல் உண்மையிலேயே இருக்கும் இடத்தில்தான் ஒருவர் சொல்வதை நான் முழுதாக நம்புவேன்.

ஜனவரி 22, புதன்

இந்தக் கூடுகையைப் பற்றிச் சொன்னபோது தோழி கேட்டாள்: "யாருன்னே தெரியாதவங்ககிட்ட எதுக்குடி இதெல்லாம் சொல்ற?" நல்ல கேள்வி. கியோர்க் சிம்மல் என்ற ஜெர்மானியச் சமூகவியலாளர் 1908-லேயே இதைத் தொட்டிருக்கிறார். நெருங்கியவர்களிடம் மறைப்பதைக்கூட அந்நியனிடம் மனிதர்கள் சொல்லிவிடுகிறார்கள் என்று எழுதினார். அவனுக்கு நம் கூட்டத்தோடு ஒட்டும் உறவும் கிடையாது, அதனால் பக்கச்சார்பும் கிடையாது. அக்காவிடம் ஒன்றைச் சொன்னால் அது நாளைக்கு அம்மா காதுக்குப் போகும், அடுத்த சண்டையில் திரும்பி வரும். முன்பின் தெரியாதவரிடம் சொன்னால் அவரோடு போய்விடும்.

இதில் ஆபத்து இருக்கிறது என்பதையும் தோழியிடம் ஒப்புக்கொண்டேன். மனதைத் திறக்க வைக்கும் இதே கேள்விகள்தான் ஏமாற்றுக்காரர்களுக்கும் சாவி. உங்கள் தனிமை, உங்கள் பயம், உங்கள் பிரார்த்தனை எல்லாவற்றையும் அக்கறையாகக் கேட்டு வாங்கிக்கொண்டு கடைசியில் பணத்துக்கோ ஒரு குருவின் காலடிக்கோ கூட்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. முதலில் படித்த பள்ளி, வளர்த்த நாயின் பெயர், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் போன்றவற்றை யாராவது விளையாட்டாகக் கேட்டால் உஷாராக வேண்டும். கடவுச்சொல் மறந்தால் கணக்கைத் திறக்கக் கேட்கும் கேள்விகள் இவைதான்.

நான் வைத்திருக்கும் உரைகல் ஒன்றுதான்: கேட்பவர் தன்னைப் பற்றியும் அதே அளவுக்குச் சொல்கிறாரா? பொய்யாகவும் சொல்லலாம், உண்மைதான். ஆனால் கேட்டுக்கொண்டே இருந்து தன்னைப் பற்றி வாயே திறக்காதவரிடமிருந்து எழுந்துவிடலாம், அதில் சந்தேகமே வேண்டாம். குளக்கரையில் தருமரிடம் அத்தனை கேள்வி கேட்ட யட்சன், தான் யார் என்பதைக் கடைசியில்தான் சொன்னான். அதற்குள் தம்பிகள் நால்வரும் விழுந்து கிடந்தார்கள். அது சோதனை. எதிரே உட்கார்ந்திருப்பவரைச் சோதிக்கும் அதிகாரம் நம்மில் யாருக்கும் கிடையாது.

இதற்கும் ஓர் ஆய்வு உண்டு. சூசன் ஸ்ப்ரெச்சரும் சகாக்களும் 2013-இல் செய்தது. மாறி மாறிக் கேட்டுச் சொன்ன ஜோடிகளுக்குள் பிடித்தம் அதிகமாக இருந்தது. ஒருவர் முழுக்கக் கேட்டு இன்னொருவர் முழுக்கச் சொல்லி, பிறகு இடம் மாறிக்கொண்டவர்கள் கடைசிவரை அந்த அளவை எட்டவில்லை. கணக்குப்படி இருவரும் சமமாகச் சொல்லி முடித்தும் அப்படி. உடனுக்குடன் திருப்பிச் சொல்வதில் ஏதோ இருக்கிறது.

ஜனவரி 26, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதி வைத்தே ஆக வேண்டும்.

என் வயதுதான் அந்தப் பெண்ணுக்கும். "மற்றவர்களுக்குப் பிடிக்காத எந்த நம்பிக்கை உங்களிடம் இருக்கிறது?" என்று படித்தேன். "எல்லாம் தலையெழுத்துன்னு நினைக்கிறேன். யாரும் எதையும் மாத்த முடியாது" என்றார். எனக்கு எரிச்சல் வந்தது. விதி என்ற பேச்சைக் கேட்டாலே எனக்கு ஆகாது.

"எப்போலேருந்து அப்படித் தோணுது?" என்று கேட்டேன்.

கையிலிருந்த கடிகாரத்தின் வாரைக் கழற்றி, இன்னொரு துளையில் மாட்டினார். தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணி பார்க்கும் நர்ஸாம். பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில் இரண்டு பேர், ஒரே நோய், ஏறக்குறைய ஒரே வயது, ஒரே மருந்து. ஒருவர் நடந்து வீட்டுக்குப் போனார், மற்றவர் போகவில்லை. இறந்தவரின் அம்மா இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் எங்கம்மா தப்புப் பண்ணேன்?" என்று கேட்டிருக்கிறார். "உங்க தப்பு எதுவும் இல்லம்மா, விதி" என்று இவர் ஆறுதலுக்குச் சொல்லியிருக்கிறார். "அன்னைக்கு வாய் வார்த்தையாத்தான் சொன்னேன். வீட்டுக்குப் போய்ப் படுத்தா தூக்கம் வரல. நான் எதையாவது கவனிக்காம விட்டேனா, பத்து நிமிஷம் முன்னாடி பாத்திருந்தா? அப்போ அந்த அம்மாவுக்குச் சொன்னதை எனக்கே சொல்லிக்கிட்டேன். அதுலேருந்துதான். இல்லேன்னா அடுத்த நாள் என்னால டியூட்டிக்குப் போயிருக்க முடியாது."

அப்புறம் நான் சொன்னேன். என் அப்பா எதற்கெடுத்தாலும் விதி என்பவர். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் கொடுத்த மாத்திரையைத் தொடவே மாட்டார், வர்றது வரட்டும் என்பார். வந்தது. அந்த நாளிலிருந்து அந்தப் பேச்சு எனக்கு வேப்பங்காய்.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. ஒருவரை மருந்தைத் தொடவிடாமல் செய்த அதே நம்பிக்கை, இன்னொருவரை மறுநாளும் மருந்து கொடுக்கப் போகவைத்திருக்கிறது. அவர் தன் எண்ணத்தை மாற்றிக்கொள்ளவில்லை, நானும் மாற்றிக்கொள்ளவில்லை. விதி என்று இனி யாராவது சொன்னால் அவர் எங்கே நின்றுகொண்டு சொல்கிறார் என்று முதலில் பார்ப்பேன். "உங்க அப்பா மாத்திரை போட்டிருக்கணும்" என்று மட்டும் எழுந்து போகும்போது சொன்னார்.

ஜனவரி 28, செவ்வாய்

எண்ணமே மாறும் என்பதற்கும் சான்று இருக்கிறது. டேவிட் ப்ரூக்மன், ஜோஷுவா காலா இருவரும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு, மயாமியில் நடந்தது. முன்பின் தெரியாதவர்கள் வீட்டு வாசலில் நின்று சுமார் 10 நிமிடம் பேசினார்கள். திருநர்கள் மீதான வெறுப்பு குறைந்தது, மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதும் அந்த மாற்றம் நிலைத்திருந்தது. தன்னை வேறுபட்டவராகப் பார்த்து யாராவது ஒதுக்கிய அனுபவம் உண்டா என்று கேட்டு, வீட்டுக்காரரையே சொல்ல வைத்தார்கள்.

அது மாற்றுவதற்காகப் போனவர்களின் வேலை, மதிக்கிறேன். எங்கள் கூடத்துக்கு அந்த நோக்கம் வேண்டாம் என்று நினைக்கிறேன். மாற்ற வந்திருக்கிறார்கள் என்று தெரிந்திருந்தால் அந்த நர்ஸ் கடிகாரத்தைத் தொட்டிருக்கவே மாட்டார்.

பிப்ரவரி 2, ஞாயிறு

சீட்டுகளைப் பிரித்துப் போடும் பொறுப்பை இன்று என்னிடம் கொடுத்தார்கள். "வாழ்க்கையில் அன்பு முக்கியமா?" என்பதைக் கிழித்துப் போட்டேன். ஆமாம் என்பதைத் தவிர யார் என்ன சொல்லிவிட முடியும்? "இன்னமும் ஏன் கோயிலுக்கோ சர்ச்சுக்கோ மசூதிக்கோ போகிறீர்கள்?" என்பதும் போனது. அந்த 'இன்னமும்' என்ற இடத்திலேயே தீர்ப்பு விழுந்துவிட்டது. "எந்த விஷயத்தில் உங்கள் எண்ணம் மாறியது, அப்போது பக்கத்தில் யார் இருந்தார்?" என்பதைப் புதிதாக எழுதிச் சேர்த்தேன்.

லேசான கேள்விகளாகவே வைத்துவிடலாம், புதியவர்கள் சங்கடப்படுவார்கள் என்றார் ஒருவர். ஒத்துக்கொள்ள முடியவில்லை. மைக்கேல் கார்டஸ், அமித் குமார், நிக்கோலஸ் எப்லி மூவரும் 2021-இல் வெளியிட்ட ஆய்வுகளில் தெரிந்தது இதற்கு நேர்மாறு. முன்பின் தெரியாதவரோடு ஆழமாகப் பேசுவது எவ்வளவு சங்கடமாக இருக்கும் என்று ஆட்கள் முன்கூட்டி நினைத்ததைவிட, பேசியபோது சங்கடம் குறைவாகவே இருந்தது. நாம் சொல்வதில் மற்றவருக்கு அக்கறை இருக்காது என்று நாமாகவே முடிவுகட்டிவிடுகிறோம். அதை எடுத்துச் சொன்னேன், ஒத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் புதிதாகச் சிலர் வருகிறார்கள். போன் ஒத்திகைச் சீட்டு முதல் சுற்றில், எண்ணம் மாறியது இரண்டாவதில், இறந்தவரோடு பேசுவது மூன்றாவதில் என்று அடுக்கி வைத்திருக்கிறேன். "வேண்டாம்" என்று சொல்லலாம் என்பதை எல்லோரும் உட்கார்ந்தவுடனே அறிவிக்க வேண்டும். அதை யார் சொல்வது என்று இன்னும் முடிவாகவில்லை. அந்த இளைஞரிடம் கேட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.