கெய்சர் ஓடும்போது 14 வோல்ட் எங்கே போனது?

2000 வாட், 230 வோல்ட் என்று ஸ்டிக்கர் ஒட்டிய 15 லிட்டர் கெய்சர். தண்ணீர் சூடாகிறது, எம்சிபி (கரண்ட் மிஞ்சினால் தானாக அணையும் சுவிட்ச்) விழவில்லை. ஆனால் அரைமணி நேரம் ஓடினால் 16 ஆம்பியர் சுவிட்ச் கைவைக்க முடியாத அளவுக்குக் கொதிக்கிறது, தட்டும் மஞ்சளாகத் தொடங்கிவிட்டது. இந்த மாதிரி இடத்தில் முதலில் பழி விழுவது கெய்சர் மேல்தான். கழற்றும் முன் அளந்து பார்ப்பது நல்லது.

ஸ்டிக்கரிலிருந்தே எதிர்பார்க்க வேண்டிய எண்கள் கிடைத்துவிடும். 2000-ஐ 230-ஆல் வகுத்தால் 8.7 ஆம்பியர். 230-ஐ 8.7-ஆல் வகுத்தால் சுமார் 26.4 ஓம். எம்சிபியை அணைத்து, எலிமென்ட்டின் (தண்ணீரைச் சூடாக்கும் கம்பியின்) இரண்டு வயரையும் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை ஓம் ரேஞ்சில் வைத்து அளந்தால் 26-ஐ ஒட்டி வர வேண்டும். மீட்டர் முனைகள் இரண்டையும் ஒன்றோடொன்று தொட்டால் 0.3 போல ஏதாவது காட்டும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். கெய்சர் எலிமென்ட் நிக்ரோம் கம்பி, சூடானாலும் மின்தடை சில சதவீதம்தான் ஏறும். குண்டு பல்பில் இந்தக் கணக்கு எடுபடாது: 60 வாட் பல்பு எரியும்போது சுமார் 880 ஓம், அணைந்து ஆறியபின் அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது.

அடுத்து லோடில், அதாவது கெய்சர் ஓடும்போது அளப்பது. கரண்டுக்கு கிளாம்ப் மீட்டர் (வயரைச் சுற்றிப் பிடித்து அளப்பது) போதும். மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளையில் முனையைச் செருகி வீட்டு லைனில் அளக்க வேண்டாம். அளந்துவிட்டு முனையை மாற்ற மறந்து அப்படியே வோல்டேஜ் பார்க்கப் போனால் அது நேரடி ஷார்ட். கிளாம்புக்குள் ஒரே ஒரு வயர்தான் போக வேண்டும். பேஸ், நியூட்ரல் இரண்டும் உள்ளே இருக்கும் கார்டைச் சுற்றிப் பிடித்தால் போகிற கரண்டும் வருகிற கரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும், பூஜ்யம்தான் காட்டும். சுவிட்ச் பெட்டியைத் திறந்து பேஸ் வயரில் மட்டும் மாட்டுவது வசதி. எம்சிபியை அணைத்து, டெஸ்டரில் சரிபார்த்து, வோல்டேஜ் அளக்க மல்டிமீட்டரின் முதலைக் கிளிப்புகளை மாட்டிவிட்டு, கையை எடுத்தபின் எம்சிபியைப் போடுங்கள். பழக்கமில்லாதவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவது உத்தமம்.

வோல்டேஜும் கரண்டும் ஒரே நேரத்தில், கெய்சர் ஓடும்போது எடுத்தவையாக இருக்க வேண்டும். காலையில் பார்த்த வோல்டேஜையும் சாயங்காலக் கரண்டையும் சேர்த்துப் போட்ட கணக்கு எதற்கும் உதவாது. தண்ணீர் ஏற்கெனவே சூடாக இருந்தால் தெர்மோஸ்டாட் நடுவில் கட் ஆகும். பச்சைத் தண்ணீர் நிரப்பித் தொடங்குங்கள்.

இங்கே கிடைத்தவை: கெய்சர் அணைந்திருக்கும்போது சாக்கெட்டில் 228 வோல்ட். ஓடும்போது 214 வோல்ட், 8.1 ஆம்பியர். 214-ஐ 8.1-ஆல் வகுத்தால் 26.4 ஓம். எலிமென்ட் சரியாக இருக்கிறது என்பது இதோடு முடிவாகிவிட்டது. அது இழுக்கும் வாட் 214 × 8.1 = 1733. பிழை அந்தக் காணாமல்போன 14 வோல்ட்டில்.

அதைத் தேட, கெய்சரை ஓடவிட்டு, மெயினிலிருந்து ஒவ்வொரு இடமாக வோல்டேஜ் எடுத்துக்கொண்டே வர வேண்டும். மெயினில் 225 (228-இல் 3 வோல்ட் மெயினுக்கு வரும் முன்பே விழுந்துவிட்டது), எம்சிபி தாண்டி 224.5, சுவிட்ச் பெட்டிக்குள் வரும் இடத்தில் 220, சாக்கெட்டில் 214. நடுவிலுள்ள 4.5 வோல்ட் வயரின் கணக்கு. ஒன்றரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) செம்பு வயர் கிலோமீட்டருக்குச் சுமார் 12.1 ஓம், இந்தப் பாதை 23 மீட்டர், போக வர 46. அப்படியென்றால் 0.56 ஓம், 8.1 ஆம்பியரில் 4.5 வோல்ட். கணக்கு நேராக உட்காருகிறது. கெய்சருக்கு ஒன்றரை ஸ்கொயர் போட்டதே தவறு, இரண்டரையாவது வேண்டும். ஆனாலும் சூட்டுக்குக் காரணம் அது இல்லை. ஒரு ஜாண் தூரம்கூட இல்லாத சுவிட்ச் பெட்டிக்குள் 6 வோல்ட் விழுவதுதான் உதைக்கிறது.

சுவிட்ச் ஆன் நிலையில் இருக்க, அதன் இரண்டு டெர்மினலுக்கும் குறுக்கே மீட்டரை வைத்தால் நல்ல சுவிட்சில் சில பத்து மில்லிவோல்ட்தான் வரும். இதில் வந்தது 5.6 வோல்ட். 5.6 × 8.1 = 45 வாட். 25 வாட் சால்டரிங் அயர்ன் இரண்டை பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடியது போல. மின்தடையாகச் சொன்னால் 0.69 ஓம்தான். இதை ஓம் ரேஞ்சில் பிடிக்க முயன்றால் ஏமாந்துவிடுவோம்: மீட்டர் அனுப்பும் கரண்ட் மில்லிஆம்பியர் அளவு, காண்டாக்டும் (சுவிட்சுக்குள் ஒன்றையொன்று தொடும் உலோக முனைகள்) அப்போது ஆறியிருக்கும், 0.2 என்று நல்லபிள்ளையாகக் காட்டும். கரிந்த காண்டாக்டின் குணம் லோடில்தான் வெளியே வரும்.

பயன்படுத்துபவருக்கு இது தெரியாமல் போவதற்கும் காரணம் இருக்கிறது. 15 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60-க்கு ஏற்ற 1733 வாட்டில் 21 நிமிடம், முழு 2000 வாட்டில் 18. மூன்று நிமிட வித்தியாசத்தை யார் கவனிக்கப்போகிறார்கள்?

சுவிட்சை மாற்றும்போது வயர் முனையில் கருத்த பகுதியை வெட்டி எறிந்து, பளபளக்கும் செம்பு தெரியும்வரை புதிதாக உரித்து, திருகை நன்றாக முறுக்க வேண்டும். பழைய கருப்பு முனையையே புது டெர்மினலில் செருகினால் கொஞ்ச நாளில் அதே கதை. மாற்றியபின் 219 வோல்ட், 8.3 ஆம்பியர்: 1818 வாட். மின்தடை அதே 26.4.

வீட்டு மீட்டரை வைத்தும் ஒப்பிடலாம். முகப்பில் ஒரு யூனிட்டுக்கு 3200 துடிப்பு என்று போட்டிருந்தால், மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு சிவப்பு விளக்கு நிமிடத்துக்கு எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணுங்கள். 60-ஆல் பெருக்கி 3200-ஆல் வகுத்தால் கிலோவாட். சுவிட்ச் மாற்றும் முன் 97 துடிப்பு, அதாவது சுமார் 1820 வாட். கெய்சருக்குப் போய்ச் சேர்ந்தது 1733. மிச்சம் 90 வாட் சுவருக்குள் சூடாகிப் போனது, அதற்கும் சேர்த்துத்தான் பில். ஃபேன், மோட்டார் ஓடும்போது இந்தத் துடிப்புக் கணக்கை மட்டும் நம்புங்கள். அவற்றில் வோல்டேஜும் கரண்டும் ஒன்றாக ஏறி இறங்காததால் (பவர் ஃபேக்டர் என்பது இதன் கணக்கு) வோல்டேஜையும் கரண்டையும் பெருக்கினால் வருவது வாட் இல்லை.